பைப்பை விட்ட மனுசன்

நீ சிரிச்சாலும் சரி கண்ணு, இந்தியாவுல எந்த ஊருல பைப் கடை நல்லாருக்கும்னு எங்கிட்டக் கேளு, நான் சொல்றேன். தண்ணிப் பைப்பு இல்ல. வாயில வச்சுப் புகைக்கிறது. எங்கய்யன் சுங்கான்னு சொல்லுவாரு. மெட்ராசு, பெங்களூரு, கல்கத்தா, செகந்திராபாத்து, பம்பாயி. அந்த ஊருல எல்லாம் எனக்குக் கோயில் தெரியாது, கடல் தெரியாது, பைப் கடை தெரியும். என்ற வாயில ஒரு பீடி வச்சதில்ல. ஆனா பைப்பைக் கையில எடுத்த ஒடனே, இது நல்ல மரம், இது சாயம் பூசி ஏமாத்தற மரம்னு சொல்லிருவேன். ஒரு பொம்பளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு? கட்டிக்கிட்ட மனுசன் அப்படி.

இப்ப எந்திரிச்சுப் போனாருல்ல, ரயிலு கேன்டீன்ல வெந்நி வாங்கணும்னு ப்ளாஸ்க்கைத் தூக்கிட்டு? அவருதான். பேரு சென்னியப்பன். கோயமுத்தூருல நூல் மில்லுக்கு மெஷினு செய்யற கம்பெனியில இருந்தாரு. மெஷினு வித்த ஊருக்கெல்லாம் போயி, மாட்டி, ஓட விட்டுட்டு வரணும். கல்யாணமான புதுசுல ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரு கூட வேலை பார்த்தாரு. அந்த ஆளு ஊருக்குத் திரும்பறப்ப தன்ற பைப்பை இவரு கையில குடுத்துட்டுப் போயிட்டான். சும்மா கையைக் குலுக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா? அன்னைக்குப் புடிச்சது இந்தக் கெரகம்.

வேலைக்குப் போற ஊருக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போவாரு. ஊருல எல்லாரும் சொன்னாங்க, துளசிமணி குடுத்து வச்சவ, ஊர் ஊராச் சுத்தறான்னு. சுத்துனது எங்கன்னு எனக்கில்ல தெரியும்! ரயிலை விட்டு எறங்குனதும் குளிச்சாரோ இல்லியோ, "துளசி, சித்த ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம்"னுவாரு. அவரோட சித்த நேரம்னா பொழுது சாயற வரைக்கும்.

மெட்ராசுக் கடையைப் பத்தி எங்கிட்டப் பேசாத. மவுண்ட் ரோட்டுல கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வச்சு, உள்ள ஒருத்தன் டை கட்டிட்டு நிப்பான். நான் காலெடுத்து வைக்கல, கையை நீட்டறான். தலையில மல்லிகைப்பூ வச்சுட்டு உள்ள வந்தா புகையிலையில வாசம் ஏறிக்குமாம். வெளிய நில்லுங்கம்மாங்கறான். நான் இவரைப் பார்க்கறேன். இவரு என்ன சொல்லோணும்? "என்ற சம்சாரம் நிக்கற எடத்துலதான் நானும் நிப்பேன்"னு சொல்லோணுமா இல்லியா? "சித்த நேரம் நில்லு துளசி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. பூவை எடுத்துட்டு வான்னுகூடச் சொல்லல. சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேன், அது வேற. ரோட்டுல போற பஸ்ஸையெல்லாம் பார்த்துட்டு வெயில்ல நின்னேன். ஒருத்தன் வந்து அடையாறுக்கு எந்த பஸ்ஸுன்னு எங்கிட்டக் கேக்கறான்.

கல்கத்தாக் கடை தேவலை. அந்தக் கடைக்காரரு பெரிய மனுசன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிட்டுப் போனா, மண் கோப்பையில டீயும் பால் இனிப்பும் குடுத்து உக்கார வச்சாரு. ஆனா அங்க ஒரு பாத்ரூமு கெடையாது. இவரும் கடைக்காரரும் ஒரு பைப்பை எடுத்து வச்சுட்டு, மரத்துல ரேகை எப்படி ஓடுது, எங்க வளையுதுன்னு வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பார்க்கறாங்க. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இந்த மனுசன் இவ்வளவு நேரம் பார்க்கல கண்ணு. கடைசியில வாங்குனாரான்னு கேளு. வாங்கல! "ரேகை நல்லாருக்கு, ஆனா பொகை வர்ற துளை மையத்துல இல்ல"ன்னு எந்திரிச்சுட்டாரு. நான் எப்படி அந்தப் படியில எறங்குனேன்னு எனக்கும் அந்தக் காளிக்கும்தான் தெரியும்.

பெங்களூருக்காரன் பேச்சுல தேன் ஒழுகும், ஆனா திருடன். பளபளன்னு மேல எண்ணெய் மாதிரி ஏதோ பூசி ஒரு பைப்பைத் தலையில கட்டிட்டான். நான் அங்கயே சொன்னேன், ஏனுங்க, இது கை வச்சா வழுக்குது, மரம் இப்படி வழுக்காதுங்கன்னு. கேக்கணுமே! ரெண்டாம் தடவை பத்த வச்சப்பவே மேல கொப்புளம் கொப்புளமா வந்துருச்சு. செகந்திராபாத்துக் கடை ஒண்ணுதான் எனக்குப் புடிச்ச கடை. அங்க கடைக்காரர் சம்சாரம் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, மின்விசிறி போட்டு, பாய் விரிச்சுப் படுக்க வச்சா. அவ பேசற உருது எனக்குத் தெரியாது, என்ற தமிழு அவளுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் எங்க வீட்டுக்காரங்களைத் திட்டிட்டே இருந்தோம். நல்லாப் புரிஞ்சுது.

எதுக்கு இதையெல்லாம் சொல்றேன்னா, முப்பது வருசத்துக்கு மேல நான் இந்தக் கருமத்தைச் சகிச்சிருக்கறேன். வேண்டாமுங்கன்னு கெஞ்சியிருக்கறேன், சண்டை போட்டிருக்கறேன், ஒரு தடவை எங்கய்யன் வீட்டுக்கே போயிட்டேன். தலகாணி நாறுது, சன்னல் துணி நாறுது, நோம்பிக்கு எடுத்த பட்டுச்சேலை நாறுது. விட்டாரா? விடல. ஞாயித்துக்கெழமையானா அத்தனை பைப்பையும் நாந்தான் துடைச்சு வைக்கோணும். கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு கம்பி இருக்கும், அதை விட்டுக் கொடைஞ்சு எடுக்கோணும். புகையிலை போடற கிண்ணத்துக்குள்ள கரி ஏறியிருக்கும் பாரு, அதை மட்டும் சொரண்டிறக் கூடாது. அந்தக் கரிதான் மரத்தைக் காப்பாத்தும். ஒரு தடவை என்ற மக சுகுணா, சின்னப்புள்ள, அய்யனுக்கு ஒதவி பண்றேன்னு பாத்திரம் தேய்க்கற சோப்பைப் போட்டு ஒண்ணைக் கழுவி வச்சுட்டா. அப்பவும் இவரு ஒண்ணும் சொல்லல. நாந்தான் அவளை ரெண்டு போட்டேன்.

அப்படிப்பட்ட மனுசன் கண்ணு, இந்த ஆடியில, ஒரே நாளுல பைப்பை விட்டுட்டாரு.

கேட்டா உனக்குச் சந்தோசமா இருக்கும். எனக்கு அடிவயிறு எரியுது. எதுக்கு விட்டாருன்னு கேளு.

எனக்கு ரொம்ப நாளா இருமல். கசாயம் குடிச்சுப் பார்த்தேன், கேக்கல. ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. அந்த டாக்டரு படத்தை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுட்டு, என்னைப் பார்க்காம, "வீட்டுல யாரு சிகரெட் புடிக்கறாங்க?"ன்னான். இவரு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எந்திரிச்சு நின்னு, "நாந்தானுங்க, பைப்பு"ன்னாரு. அந்த டாக்டரு இவரைப் பார்த்தான் பாரு ஒரு பார்வை! கொலை பண்ணுனவனைக்கூடப் போலீசுக்காரன் அப்படிப் பார்க்க மாட்டான். அப்பறம் எங்கிட்ட, "நீங்க போயி எடை பார்த்துட்டு வாங்கம்மா"ங்கறான். எடையைத்தான் வந்த ஒடனே பார்த்துட்டாங்களே! நான் திரும்பி வர்றேன், இவரு மொகத்துல ரத்தம் இல்ல. "ஒண்ணுமில்ல துளசி, நெஞ்சுல சளி கட்டியிருக்குதாம்"ங்கறாரு.

அன்னைக்குச் சாயங்காலமே மருமகனை வரச் சொல்லி அத்தனை பைப்பையும் அட்டைப் பெட்டியில போட்டுத் தூக்கிக் குடுத்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. துடைச்சவ நானு! அந்த மருமகன் அதைக் கொண்டுபோயி வீட்டுல கண்ணாடி அலமாரியில பொம்மைக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கறான். நீயே சொல்லு கண்ணு, சம்சாரத்துக்குச் சளின்னா யாராச்சும் பைப்பை விடுவாங்களா?

அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சளி இல்ல. புத்துநோயி.

அட, நீ எதுக்குப் பதறற? நானே சாதாரணமாத்தான சொல்றேன். எனக்குச் சீக்கு வந்ததுக்குக் கோவமில்ல. வயசாச்சு, வர்றது வரட்டும். என்ற மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், சம்பந்திக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரி ஒரு நாளும் ஒரு டம்ளர் மோரு குடுக்காதவ, இப்ப தினம் சூப்பு வச்சுக் கொண்டாந்து குடுத்துட்டு, மூக்கை உறிஞ்சிட்டுப் போறா. ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் சொல்லக் கூடாதாம். எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. சொன்னா நான் ஒடைஞ்சு போயிருவேனாம். நான் ஒடையற ஆளா? மவுண்ட் ரோட்டு வெயில்ல ஒடையாதவ!

என்ற உடம்பு. என்ற நெஞ்சு. அதுல என்ன இருக்குதுன்னு கட்டுன புருசன் வாயால ஒரு தடவை சொல்லோணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. வேற யாரு சொன்னாலும் எனக்கு வேண்டாம்.

இன்னொரு கோவம் அந்த டாக்டரு மேல. பைப்பாலதான் வந்துச்சுன்னு இவருகிட்டச் சொல்லியிருக்கறான், அது நிச்சயம். இல்லாட்டி இந்த மனுசன் இப்படி நடைப்பொணமா ஆகியிருக்க மாட்டாரு. அவனுக்கு என்ன தெரியும்? நான் பொறந்து வளர்ந்ததே பருத்தி அரைக்கற பாக்டரிக்குப் பின்னாடி. சோத்துல பஞ்சு, தண்ணியில பஞ்சு, மூக்கைச் சிந்துனாப் பஞ்சு. கல்யாணமாகி வந்து எங்க மாமியா வீட்டுல பருத்திமாருக் குச்சியை வச்சு அடுப்பெரிச்சேன். அந்தப் பொகையைக் கேட்டானா? அந்தப் பஞ்சைக் கேட்டானா? சிகரெட்டு யாருன்னு கேட்டதுக்கு எந்திரிச்சு நின்னவரைப் புடிச்சுக்கறதா? வயசான மனுசன் தலையில இப்படி ஒரு கல்லைத் தூக்கிப் போடறதுக்கு அவனுக்கு எத்தனை வருசம் படிப்பு!

சரி, கதைக்கு வர்றேன். பம்பாயில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு. சளிக்குப் பம்பாயான்னு கேட்டேன். "அங்க சளிக்குன்னே ஒரு டாக்டரு இருக்கறாரு, பழைய கம்பெனி ஆளு சொன்னாரு"ன்னாரு. அங்க போயிப் பார்த்தா, வராண்டா முழுக்கப் பொம்பளைங்க, தலையில முடியில்ல, துணியைச் சுத்திட்டு உக்காந்திருக்கறாங்க. நான் பார்க்கறதை இவரு பார்த்துட்டாரு. என்ன சொன்னாருன்னு நெனைக்கற? "ஏதோ வேண்டுதல் போலருக்குது துளசி, எல்லாரும் மொட்டை போட்டிருக்கறாங்க"ங்கறாரு! பொய் சொல்லத் தெரியாத மனுசன் பொய் சொன்னாக் கேக்கறவளுக்கு எவ்வளவு கஷ்டம் பாரு. ஆமாங்க, வேண்டுதலாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு உக்காந்திருந்தேன்.

எல்லாம் முடிஞ்சு, ரயிலுக்குப் பொழுது இருந்துச்சு. எனக்குள்ள ஒரு ரோசனை வந்துச்சு. இந்த மனுசனை இன்னைக்குப் பேச வச்சே தீரோணும். ஏனுங்க, கோட்டைப் பக்கம் அந்தப் பார்சிக்காரரு பைப் கடைக்குப் போலாமுங்கன்னேன். "நாந்தான் விட்டுட்டேனே துளசி, தொண்டை சரியில்ல"ன்னாரு. தொண்டைக்கு டாக்டரைப் பார்க்கலியேங்க, பார்த்தது எனக்குத்தானேன்னேன். ரோட்டுல போற டாக்சிக்குக் கையைக் காட்டுனாரு. ஏறிட்டோம்.

அந்தக் கடைக்காரரு பேரு கெர்சி. நான் போனா ஒரு ஸ்டூலைத் துடைச்சுப் போடுவாரு. மனுசன் செத்துப் போயிட்டாரு, இப்ப மகன் இருக்கறான். இவரு வெளியவே நின்னுட்டாரு. உள்ள வர மாட்டேங்கறாரு. வராட்டிப் போங்க, எனக்குத் தெரியாத கடையான்னு நான் மட்டும் உள்ள போனேன். என்ற இந்தி பைப் கடை இந்தி, அதை வச்சுச் சமாளிச்சேன். ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்லி, வெளிச்சத்துல புடிச்சு ரேகையைப் பார்த்தேன். வாய் வைக்கற பக்கமா அந்தக் கம்பியை விட்டுப் பார்த்தேன். கிண்ணத்துக்கு அடியில, நட்ட நடுவுல, கம்பி முனை எட்டிப் பார்த்துச்சு. அப்படி ஒரு துளை இவரு வாங்குன எந்தப் பைப்புலயும் நான் பார்க்கல. வெளிய நிக்கட்டும்னு வேணும்னே சித்த நேரம் எச்சா உக்காந்திருந்தேன். ஒருத்தருக்காகக் காத்துட்டு நிக்கறது எப்படி இருக்கும்னு அவரும் பார்க்கட்டும்.

புதுப் பைப்புக்கு மொதல்ல பாதி கிண்ணந்தான் நிரப்போணும். அதுவும் நானே நிரப்பிட்டேன். கொண்டாந்து கையில குடுத்தேன். பத்த வைங்கன்னேன்.

"ரயில் ஏறி வச்சுக்கறேன்."

"ரயில்ல புடிக்க விட மாட்டாங்க. இப்பப் பத்த வைங்க. எனக்குச் சளிதானுங்க? உங்களுக்குத் தொண்டையில ஒண்ணுமில்லீங்களே? கடையை விட்டு வெளிய வந்தா மொதல் வேலையாப் பத்த வைக்கற ஆளுதானுங்க நீங்க? வைங்க பார்க்கலாம்!"

பத்த வச்சா என்ற பக்கத்துல பொகை. வைக்காட்டி ஏன்னு சொல்லோணும். ரெண்டுல ஒண்ணு. தப்பிக்கவே முடியாதுன்னுதான் நெனச்சேன் கண்ணு. இனி சொல்லித்தான் ஆகோணும்னு இடுப்புல கையை வச்சுட்டு நின்னேன்.

அந்த மனுசன் என்ன பண்ணுனாருன்னு நெனைக்கற? பைப்பை வாங்குனாரு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மூஞ்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்பறம் விறுவிறுன்னு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டாரு! பம்பாயி ரோடு, பஸ்ஸும் காரும் பறக்குது. அங்க போயி நின்னு, எனக்கு நல்லாத் தெரியற மாதிரித் திரும்பி நின்னு, தீக்குச்சி கிழிச்சுப் பத்த வச்சாரு. ஒரு இழுப்பு இழுத்தாரு. பொகையை விட்டாரு. விட்டுட்டு, கையை வேற ஆட்டறாரு எனக்கு! சிரிக்கறாரு! ஒண்ணுமில்லையாம், பாருன்னு காட்டறாராம்!

எனக்கு வந்துச்சே கோவம்! முப்பது வருசமாத் தலகாணியில ஊதுன மனுசன், இப்ப ஒரு ரோடு தள்ளி நின்னு ஊதறாரு! இரு வர்றேன்னு சேலையைத் தூக்கிச் சொருகிட்டு எறங்கிட்டேன். நான் வர்றதைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பொகைக்குக் கிட்ட நான் வந்துரக் கூடாதுன்னு, சித்த தள்ளி எறங்கி இந்தப் பக்கம் வர்றாரு. ரெண்டு பேரும் நடு ரோட்டுத் திட்டுல மாட்டிக்கிட்டோம். முன்னாடி பஸ்ஸு, பின்னாடி பஸ்ஸு, ஒரு அடி நகர முடியல. என்ன பண்றதுன்னு தெரியாம, எரியற பைப்பை அப்படியே பேண்டுப் பாக்கெட்டுக்குள்ள போட்டுட்டாரு கண்ணு! பாக்கெட்டுல இருந்து பொகை வருது. கையை வச்சு அமுக்கிட்டு நிக்கறாரு. சுடுது, மூஞ்சி சுருங்குது, ஆனா வாயைத் தொறக்கல.

"எனக்குத் தெரியுமுங்க"ன்னு சொல்றதுக்குத்தான் ரோட்டுல எறங்குனேன். வார்த்தை நாக்கு நுனியில இருக்குது. அந்த மூஞ்சியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்த எடத்துலயே உக்காந்துருவாரு. தாங்க மாட்டாரு. ஒடையற ஆளு நானில்ல, அவரு. அது இத்தனை பேருல ஒருத்தருக்குத் தெரியல பாரு!

அவரு கையைத் தட்டி விட்டுட்டுப் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பைப்பை எடுத்தேன். எடுத்துக் கவுத்துக் காலால நெருப்பை மிதிச்சேன். என்ற வாயில என்ன வந்துச்சுங்கற? "இந்தப் பைப்பு சரியில்லீங்க. துளை கோணலா இருக்குது. வாங்க, திருப்பிக் குடுத்துட்டு வரலாம்"னு வருது.

மூச்சை விட்டாரு பாரு! "நானும் நெனச்சேன் துளசி, இழுவையே சரியில்ல"ங்கறாரு. நேரான துளை கண்ணு அது. நானே கம்பி விட்டுப் பார்த்தது. அந்தக் கடைக்காரப் பையன் என்ன தப்புப் பண்ணுனான்? அவன் கம்பியை விட்டுக் காட்டறான், நடுவுலதான இருக்குதுங்கறான், பத்த வச்ச பைப்பை எப்படி வாங்கறதுங்கறான். ஞாயமாத்தான் பேசறான். நான் கடையே அதிரற மாதிரிக் கத்துனேன். உங்கப்பன் இருந்தா இப்படி ஏமாத்துவானான்னு, செத்தவரை வேற இழுத்தேன். இந்த மனுசன் பின்னாடி நின்னுட்டு, "விடு துளசி, விடு துளசி"ன்னு என்ற தோளைத் தட்டறாரு. எத்தனையோ மாசத்துக்கு அப்பறம் அவரு மூஞ்சியில பழைய களை. என்னமோ பெரிய கண்டத்துல இருந்து தப்பிச்ச மாதிரி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல். இன்னும் கத்துனேன்.

அவ்வளவுதான். யாருகிட்டயாச்சும் சொல்லோணும்னு இருந்துச்சு, உங்கிட்டச் சொல்லிட்டேன். நீ திருப்பூருல எறங்கிப் போயிருவ. ஊசி போட மறுபடியும் பம்பாயி வரோணுமாம். சத்து ஊசின்னு சொல்லியிருக்கறாரு. வரட்டும், பார்த்துக்கலாம். முடி கொட்டுனா என்ன பொய் சொல்றதுன்னு அவருக்குத் தோணாது, அதுக்கும் நாந்தான் ஏதாச்சும் வேண்டுதல் வச்சுக்கோணும்.

அங்க பாரு, வந்துட்டாரு. ப்ளாஸ்க்கை ஒழுங்கா மூடாம நடக்கறாரு பாரு, கையில வெந்நி கொட்டுனாத்தான் தெரியும். ஏங்கண்ணு, என்ன இது? நீ எதுக்கு அழுவற? இதுக்குத்தான் யாருகிட்டயும் பேசக் கூடாதுங்கறது. தொடை. மொதல்ல கண்ணைத் தொடை. உன்ற மூஞ்சியைப் பார்த்தாருன்னா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுரும்.